தமிழ் எழுத்துரு வடிவமைப்பில் அளவு வரம்புகள்

ஓர் எழுத்துருக் கோப்பில் எத்தனை வரிவடிவங்கள் அடங்கலாம், ஒவ்வொரு வரிவடிவத்தையும் எவ்வளவு நுணுக்கமாக வரையலாம் என்பதற்குக் கோப்பு வடிவமும் மென்பொருளும் அச்சுப்பொறியும் வகுக்கும் எல்லைகளே எழுத்துருவின் அளவு வரம்புகள் ஆகும். வரிவடிவம் என்பது திரையிலோ தாளிலோ கண்ணுக்குத் தெரியும் உருவம். அது எப்போதும் ஒரு முழு எழுத்தாக இருக்க வேண்டியதில்லை. 'கொ' என்னும் ஒரே எழுத்து, ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று வரிவடிவங்களால் ஆனது.

தமிழ் எழுத்துருக்கள் இரண்டு வகை வரம்புகளைச் சந்தித்துள்ளன. முதலாவது, வரிவடிவங்களின் எண்ணிக்கைக்கான வரம்பு. 1980களிலும் 1990களிலும் தமிழ்க் கணிமையின் தலையாய சிக்கலாக இருந்தது இதுதான். இரண்டாவது, ஒரு வரிவடிவத்துக்குள் இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கைக்கான வரம்பு. பழைய அச்சுப் பக்கம், தூரிகை எழுத்து, ஓலைச்சுவடி போன்றவற்றை வருடி அப்படியே எழுத்துருவாக்க முனைவோர் இன்றும் இதில் முட்டிக்கொள்கின்றனர். எழுத்தைத் துண்டுகளாகப் பிரித்து, அதே துண்டைப் பல இடங்களில் பயன்படுத்துவதே இரண்டுக்கும் கைகொடுத்த வழி. ஆனால் அதற்காகக் கொடுக்க நேர்ந்த விலை இரண்டிலும் வேறுவேறு.

கணினிக்கு முன்பும் இப்படி ஓர் இடநெருக்கடி இருந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. தாளோ அரிய பொருள். ஆகவே சீகன்பால்குவின் குழுவினர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர்.

256 அறைகள்

பழைய கணினி எழுத்துருக்களில் ஒவ்வொரு வரிவடிவத்துக்கும் ஒரு பைட்டு, அதாவது எட்டுப் பிட்டு எண் உண்டு. எட்டுப் பிட்டுகளால் 256 எண்களை மட்டுமே குறிக்க முடியும். அவற்றில் முதல் 128 ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் போய்விடும். ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் வேண்டும் என்றால் தமிழுக்கு மிஞ்சுவது 128 இடங்கள்.

தமிழின் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஐந்தையும் அவற்றின் மெய், உயிர்மெய் வடிவங்களோடு சேர்த்தால் மேலும் 65. 'ஸ்ரீ' ஒன்று. மொத்தம் 313. ஆங்கிலத்தை முழுவதுமாகக் கைவிட்டாலும் 256 அறைகளுக்குள் இது அடங்காது.

எனவே எழுத்துகளைத் துண்டாக்க வேண்டியிருந்தது. எதைத் துண்டாக்கலாம், எதை முடியாது என்பதைத் தமிழ் எழுத்தின் அமைப்பே முடிவு செய்கிறது. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை எந்த மெய்யோடு சேர்ந்தாலும் உருமாறுவதில்லை. ஆகவே அவற்றைத் தனித் துண்டுகளாக வைத்துக்கொள்ளலாம். இகர, ஈகாரக் கொக்கிகளும் பெரும்பாலும் அப்படியே. 'டி', 'டீ' இரண்டு மட்டும் பிடிவாதம் பிடிக்கும். உகர, ஊகாரங்களில் இந்த உத்தி செல்லாது. கு, சு, து, மு, ரு ஆகியவற்றில் மெய்யும் குறியும் ஒன்றோடொன்று இழைந்துவிடுகின்றன. 18 மெய்களுக்கும் இரண்டிரண்டு என 36 தனி வடிவங்கள் தேவை.

கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: உயிரும் ஆய்தமும் 13, அகரமேறிய மெய்கள் 18, புள்ளி வைத்த மெய்கள் 18, உகர ஊகார வடிவங்கள் 36, தனிக் குறிகள் 6, 'டி', 'டீ' 2, கிரந்த எழுத்துகள் புள்ளியோடும் இல்லாமலும் 10, கிரந்தத்துக்கான உகர ஊகாரக் குறிகள் 2, 'ஸ்ரீ' 1. கூட்டினால் 106. 128க்குள் அடங்கிவிடுகிறது. தமிழ் எண்களுக்கும் சற்று இடம் மிஞ்சும்.

இந்த அளவுக்கு அடங்கியதில் எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் பங்குண்டு. பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் பயன்படுத்திய வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. அதன்பின் ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழிவடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தும்பிக்கை வடிவங்களும் வழக்கொழிந்தன. துண்டுக் கணக்கில் பார்த்தால் ஏழு அறைகள் மிச்சம்.

துண்டுகளின் விலை

106 துண்டுகளை 128 அறைகளில் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். சிக்கல் பிறந்ததே அங்குதான். ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தத்தம் விருப்பப்படி அடுக்கினர். ஓர் எழுத்துருவில் 'க' இருக்கும் எண்ணில் இன்னொன்றில் 'ழு' இருந்தது. ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலை அதே எழுத்துரு இல்லாதவர் திறந்தால், எழுத்துகள் கலைந்துபோன குப்பையாகத் தெரிந்தது. நாளிதழ்களின் இணையதளங்களைப் படிக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துருவைப் பதிவிறக்க வேண்டியிருந்தது.

சுவிட்சர்லாந்தின் லோசானில் பணியாற்றிய வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளும் அக்காலத்தில் பலரும் அறிந்தவை. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கூடிப் பேசி, திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை 1990களின் பிற்பகுதியில் வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாப், டாம் என்னும் இரண்டு குறியேற்றங்களை அறிவித்தது. டாப் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தது. டாம் தமிழுக்கு மட்டுமானது. ஆங்கிலத்தின் அறைகளையும் எடுத்துக்கொண்டதால் டாமில் கூடுதல் வடிவங்களை வைக்க இடமிருந்தது. அச்சுத் தொழிலுக்கு அது ஏற்றதாகக் கருதப்பட்டது.

துண்டு முறையில் இன்னொரு குறையும் உண்டு. திரையில் தெரியும் வரிசையிலேயே துண்டுகள் சேமிக்கப்பட்டன. 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் கோப்பில் கிடந்தது. ஆகவே அகரவரிசைப்படுத்தலும் தேடலும் எளிதாக இல்லை. வடிவத்துக்கு இடம் தேடிய உத்தி, மொழியின் தரவையே வடிவத்தோடு கட்டிப்போட்டது. எழுத்துரு தொலைந்தால் உரையும் தொலைந்தது போலத்தான். இன்றும் பழைய தட்டச்சுக் கோப்புகள் பல, எந்த எழுத்துருவில் அடித்தவை என்று தெரியாமல் திறக்க முடியாதபடி வீடுகளிலும் அலுவலகங்களிலும் கிடக்கின்றன. எழுத்துரு எது என்று தெரிந்தால் மாற்றி நிரல்கள் மூலம் மீட்டுவிடலாம். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், முதலில் பழைய குறியேற்றங்களில் வெளியிட்ட இலக்கியங்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. பொதுக் குறியேற்றத்தைப் பின்பற்றியிருந்ததால்தான் அது இயன்றது.

ஒருங்குறிக்குப் பின்

1991இல் வெளிவந்த ஒருங்குறி, எழுத்தையும் வரிவடிவத்தையும் பிரித்தது. அதில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். 2019இல் பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் தனியே ஒரு துணைத் தொகுதி சேர்ந்தது. உரையில் 'கு' என்பது ககரமும் உகரக் குறியும் என்றே சேமிக்கப்படுகிறது. அதை எந்த உருவத்தில் காட்டுவது என்பதை எழுத்துருவுக்குள் இருக்கும் ஓப்பன்டைப் விதிகள் பார்த்துக்கொள்கின்றன. விண்டோஸ் 2000 உடன் வந்த லதா இத்தகைய எழுத்துருவாகும்.

இதனால் வடிவமைப்பாளருக்குக் கிடைத்த விடுதலை பெரிது. ஒரே இகரக் கொக்கியை எல்லா மெய்களின் தலையிலும் மாட்ட வேண்டிய கட்டாயம் போயிற்று. கி, சி, நி, ழி என ஒவ்வொன்றையும் தனியே வரையலாம். மெய், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் அனைத்தையும் தனி வடிவங்களாக வரைந்தாலும் ஒரு தமிழ் எழுத்துருவுக்கு ஏறத்தாழ 200 வரிவடிவங்கள் போதும். ஓப்பன்டைப் அனுமதிக்கும் எண்ணிக்கையோ 65,535.

இருப்பினும் 'ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்' என்ற கோரிக்கை ஓயவில்லை. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோது, ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு டேஸ்16 என்னும் 16 பிட்டுக் குறியேற்றத்தை மாற்றாக அறிவித்தது. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி இடமுண்டு.

புள்ளிகளின் எண்ணிக்கை

எழுத்துருவில் ஓர் எழுத்து படமாகச் சேமிக்கப்படுவதில்லை. புறக்கோட்டின் மேல் சில புள்ளிகளும், அவற்றுக்கிடையே கோடு எப்படி வளைய வேண்டும் எனச் சொல்லும் சில புள்ளிகளும் மட்டுமே சேமிக்கப்படுகின்றன. தேர்ந்த கை வரைந்த 'க'வுக்குச் சில பத்துப் புள்ளிகள் போதும். அதே ககரத்தைப் பழைய புத்தகத்திலிருந்து வருடி, தானியங்கி வரைவு நிரலிடம் கொடுத்தால், மை கசிந்த ஒவ்வொரு பிசிறுக்கும் அது புள்ளி வைக்கும். எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டுவிடும்.

இதற்கான வரம்புகள் கோப்பு வடிவத்துக்கு ஏற்ப மாறும். அடோபியின் தொடக்ககாலப் போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிகளில், ஒரே நேரத்தில் நினைவில் வைக்கக்கூடிய பாதைப் புள்ளிகள் 1,500 மட்டுமே. அதைத் தாண்டினால் வரம்புப் பிழை காட்டி அந்தப் பக்கமே அச்சாகாது. ஆப்பிள் 1991இல் வெளியிட்ட ட்ரூடைப் வடிவில் புள்ளி எண்கள் 16 பிட்டில் எழுதப்படுவதால் எல்லை மிகத் தாராளம். ஆயத்தொலைவுகளும் 16 பிட்டுதான்: -32,768 முதல் 32,767 வரை. ஓப்பன்டைப்பின் இன்னொரு வகையான சிஎஃப்எஃப் வடிவில் ஒரு வரிவடிவத்தின் வரைவுக் கட்டளைகள் 65,535 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். தண்டுகளை நேர்செய்யும் குறிப்புகள் 96க்கு மிகக்கூடாது. பிசிறுள்ள எழுத்துருவில் பலர் முதலில் மாட்டிக்கொள்வது இந்த 96இல்தான். ஒவ்வொரு பிசிறையும் ஒரு தண்டு என்று நினைத்துத் தானியங்கிக் கருவி குறிப்பு எழுதிவிடும். இத்தகைய எழுத்துருவில் அக்குறிப்புகளால் பயனும் இல்லை. அவற்றை அணைத்துவிடுவதே சரி.

விதிகள் அனுமதித்தாலும் கோப்பின் பருமன் விடாது. ட்ரூடைப்பில் நெருக்கமாக அமைந்த ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 3 பைட்டு செலவாகும். 2,000 புள்ளிகள் கொண்ட ஒரு வடிவம் 6,000 பைட்டு. மேலே கண்ட 106 வடிவங்களுக்கு ஆறு லட்சம் பைட்டுகளுக்கு மேல் ஆகும். ஐம்பது புள்ளிகளில் வரைந்த அதே தொகுதி சுமார் இருபதாயிரம் பைட்டில் முடிந்துவிடும்.

எவ்வளவு நுணுக்கம் தெரியும்

எழுத்துருவின் அலகுச் சதுரம் பொதுவாக 1,000 அல்லது 2,048 அலகுகளாகப் பிரிக்கப்படுகிறது. ட்ரூடைப்பில் இது 16,384 வரை போகலாம். புள்ளிகள் முழு அலகுகளில்தான் நிற்க முடியும்.

12 புள்ளி அளவில் அச்சிட்டால் அலகுச் சதுரத்தின் உயரம் 4.23 மில்லிமீட்டர். அதை 1,000 ஆகப் பிரித்தால் ஓர் அலகு 0.0042 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 600 புள்ளி அச்சிடும் பொறியின் ஒரு புள்ளியோ 0.042 மில்லிமீட்டர். அதாவது அச்சுப்பொறியின் ஒரு புள்ளிக்குள் பத்து அலகுகள் அடங்கிவிடும். புத்தகத்தின் உடலெழுத்துக்கு வரைபவர், பத்து அலகுக்கும் சிறிய பிசிறுகளைப் பாடுபட்டுக் காப்பாற்றினாலும் தாளில் அவை வரப்போவதில்லை.

சுவரொட்டித் தலைப்புக்கு வரைந்தால் கணக்கு தலைகீழ். 300 புள்ளி அளவில் ஓர் அலகு 0.1 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகம். அதே பொறியின் இரண்டரைப் புள்ளிகளுக்குச் சமம். அங்கே முழு எண்ணுக்குத் தள்ளப்பட்ட புள்ளிகள் வளைவுகளை மொட்டையாக்குவது கண்ணுக்கே தெரியும். அலகுகளை 2,048 அல்லது 4,096 ஆக உயர்த்துவது அங்குதான் பொருளுள்ளது. ஆகவே எந்த அளவில் அச்சாகப் போகிறது என்பதை முடிவு செய்யாமல் நுணுக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பழைய அச்சிலிருந்து ஓர் எழுத்துரு

முசே, துப்புயி ஆகிய பாதிரியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி, 1855 முதல் 1862 வரையான காலத்தில் புதுச்சேரியின் மிஷன் அச்சகத்தில் அச்சானது. இதுபோன்ற ஒரு நூலின் பக்கத்திலிருந்து எழுத்துரு செய்வதாகக் கொள்வோம். முதல் வேலை வருடுவது அன்று. எது எழுத்து, எது விபத்து எனப் பிரிப்பது. ஈய எழுத்து தேய்ந்திருக்கலாம், மை கூடுதலாக அப்பியிருக்கலாம், தாளின் நார் உறிஞ்சியிருக்கலாம். ஒரே 'த' ஒரு பக்கத்தில் இருபது இடங்களில் இருபது விதமாக அச்சாகியிருக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான புறக்கோடு புலப்படும். அதுவே அச்சு வார்த்தவர் வெட்டிய எழுத்துக்கு நெருக்கமானது. மற்றவை அந்தந்தத் தாளின் வரலாறு.

நேர்த்தியான எழுத்து வேண்டுவோர் பொதுக் கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பழைய அச்சின் கரடுமுரடும் வேண்டும் என்போர், கண்ணுக்குத் தெரியும் பெரிய பிசிறுகளை மட்டும் கையால் சேர்ப்பது நல்லது. இரண்டுக்கும் பழைய சுழி, தும்பிக்கை வடிவங்கள் தேவைப்படும். 1978க்கு முந்தைய நூலின் எழுத்தில் இன்றைய 'லை' வந்து நின்றால் ஒட்டாது. ஒருங்குறியில் அவற்றுக்குத் தனி எண்கள் இல்லை. எழுத்துருவுக்குள் மாற்று வடிவங்களாக வைத்து ஓப்பன்டைப் விதியால் வரவழைக்க வேண்டும். 256 அறைக் காலத்தில் இடமின்றி வெளியே நின்ற வடிவங்களுக்கு இப்போது தாராளமாக இடமிருக்கிறது.

குறைக்கும் வழிகள்

ஃபான்ட்ஃபோர்ஜ் போன்ற கட்டற்ற மென்பொருளில், போட்ரேஸ் நிரலின் உதவியோடு வருடிய படத்தைப் புறக்கோடாக்கலாம். அதற்கு முன் படத்தைச் சற்று மழுக்கி, மீண்டும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டால் பாதித் தூசு போய்விடும். படத்தில் தூசைத் துடைப்பது எளிது. புறக்கோட்டில் ஆயிரம் புள்ளிகளை அழிப்பது கடினம். பின்னர் எளிமையாக்கும் கட்டளையை ஒன்றிரண்டு அலகுப் பிழை அனுமதியோடு இயக்க வேண்டும். அனுமதியைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் பலியாவது ண, ஞ, ஜ போன்றவற்றின் உட்சுழிகள். அங்கே கையால் திருத்தியாக வேண்டும். வளைவின் உச்சிகளிலும் ஓரங்களிலும் புள்ளி இருப்பதை உறுதி செய்து, மேற்பொருந்தும் கோடுகளை நீக்கி, கடைசியாகப் புள்ளிகளை முழு எண்ணுக்குக் கொண்டுவரலாம்.

அடுத்தது துண்டு உத்தி. ட்ரூடைப்பில் 'க்' என்பதைத் தனியாக வரையாமல், 'க' என்ற வடிவத்தின் மேல் புள்ளி என்ற வடிவத்தை இன்ன இடத்தில் வை என்று குறித்தால் போதும். 6,000 பைட்டு பிடித்திருக்க வேண்டிய இடத்தில் 30 பைட்டுக்கும் குறைவாகவே ஆகும். கிரந்தம் உட்பட 23 மெய்களுக்கும் இப்படிச் செய்தால் மிச்சமாவது ஏறத்தாழ 1,38,000 பைட்டு. எ, ஏ ஆகியவற்றின் பொதுப் பகுதியையும் பகிர்ந்துகொள்ளலாம். சிஎஃப்எஃப் வடிவில் இத்தகைய கூட்டு வரிவடிவம் இல்லாவிட்டாலும், திரும்பத் திரும்ப வரும் கோட்டுத் துணுக்குகளைத் துணைநிரல்களாகப் பிரித்து வைக்கும் வசதி உண்டு.

1990களின் துண்டு முறையைப் போல் இது உரையைப் பாதிப்பதில்லை. எழுத்துருவுக்குள்ளேயே முடிந்துவிடும் ஏற்பாடு இது. பாதிக்கப்படுவது தோற்றம். ஒரே விரிசலுள்ள 'க' ஒவ்வொரு 'க்'கிலும் வந்தால், 'பக்கம்' என்ற சொல்லில் அடுத்தடுத்து இரட்டைக் குழந்தைகள் போல ஒரே கீறல் தெரியும். அச்சு என்ற மாயை அக்கணமே கலைந்துவிடும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று மாற்று வடிவங்கள் வரைந்து மாறிமாறி வரச் செய்வர். கோப்பு மும்மடங்காகும். அடிக்கடி வரும் க, த, ம், ர், ன் போன்ற சிலவற்றுக்கு மட்டும் மாற்று வடிவம் வைப்பது நடைமுறைக்கு உகந்த சமரசம்.

பிற எழுத்துமுறைகளில்

65,535 என்ற எல்லை தமிழுக்குத் தொலைவில் இருந்தாலும் எல்லோருக்கும் அப்படியில்லை. அடோபியும் கூகுளும் 2014இல் வெளியிட்ட கிழக்காசிய எழுத்துருவான சோர்ஸ் ஹான் சான்ஸ், அந்த எல்லையைக் கடைசி எண் வரை நிரப்பியது. உருதுவின் நஸ்தலீக் எழுத்துக்கு மிர்சா அகமது ஜமீல் 1981இல் உருவாக்கிய நூரி நஸ்தலீக்கில் ஆயிரக்கணக்கான கூட்டுவடிவங்கள் இருந்தன. 256 அறைக் காலத்து மேசைக் கணினிகளில் அதைப் பல எழுத்துருக் கோப்புகளாக வெட்டித்தான் ஏற்ற முடிந்தது.

தமிழுக்கு அண்மையில் இருக்கும் எடுத்துக்காட்டு கிரந்தம். புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் கிளையிலும் உள்ள சைவச் சுவடிகள், 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட இவற்றில் பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் எழுதப்பட்ட வடமொழிச் சுவடிகள். 2014இல் ஒருங்குறியில் சேர்ந்த கிரந்தத்தில் மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். அடுக்குகள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது, வரிவடிவ எண்ணிக்கைக்கு முன்பாகவே மாற்று விதிகளின் அட்டவணை வரம்பைத் தொட்டுவிடும். அவ்வட்டவணைக்குள் இடத்தைச் சுட்டும் எண்கள் 16 பிட்டு என்பதால் 65,535 பைட்டுக்கு அப்பால் நேரடியாகச் சுட்ட முடியாது. விதிகளைச் சிறு தொகுதிகளாக உடைப்பதும், நீட்டிப்பு வகை விதிகளைப் பயன்படுத்துவதும் இதற்கான தீர்வுகள்.

இணையத்தில்

வலைப்பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பும்போது பருமனுக்கான செலவு வாசகரின் அலைபேசித் தரவில் விழுகிறது. 2018இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக ஏற்ற வோஃப்2 வடிவம் எழுத்துருவைச் சுருக்கி அனுப்புகிறது. தேவையில்லாத எழுத்துகளை நீக்கி, தமிழ்ப் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக வெட்டியெடுக்கவும் கருவிகள் உண்டு. அப்படி வெட்டும்போது ஓப்பன்டைப் விதிகளும் கூடவே போய்விட்டால், 'கு' என்பது ககரமாகவும் அருகில் ஒட்டாத உகரக் குறியாகவும் பிரிந்து தெரியும். தலைப்புக்கு மட்டும் கரடுமுரடான எழுத்துருவையும், உடலெழுத்துக்குக் கருவியிலேயே இருக்கும் எழுத்துருவையும் பயன்படுத்தும் தளங்கள் இந்தச் செலவைப் பெருமளவு தவிர்க்கின்றன.